புரொஜெக்டரின் விளக்கும் தூசியும்

பள்ளிகளிலும் கிராமக் கூட்டங்களிலும் படங்காட்டப் பயன்படும் புரொஜெக்டர், காட்சியின் நடுவே தானாக அணைந்துபோவதுண்டு. விளக்குத் தீர்ந்துவிட்டதென எண்ணிப் புது விளக்குக்கு எழுதிவிடுவோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது விளக்கையன்று, காற்று வடிகட்டியையே.

பழைய வகைப் புரொஜெக்டர்கள் பலவற்றில் இருப்பது, 1990-களில் புழக்கத்துக்கு வந்த மிகை அழுத்தப் பாதரச விளக்கு. குவார்ட்சாலான சிறு குமிழினுள் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வில் எரிகின்றது. அப்பொழுது உள்ளழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டலம் வரை உயரும். மோட்டார் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றுக்கு இரண்டு வளிமண்டல அளவே அழுத்தம் என்பதை எண்ணினால், இதன் கடுமை விளங்கும். குமிழின் உஷ்ணமோ பல நூறு டிகிரி. இவ்வுஷ்ணத்தை வெளியேற்றுவது சிறு விசிறி ஒன்றே. வடிகட்டியில் தூசி அடைபட்டால் காற்றோட்டம் குன்றும். உஷ்ணம் எல்லை மீறும்போது காப்பு விசை விளக்கை அணைத்துவிடும். இது பன்முறை நிகழின் குவார்ட்சு மங்கி வலுவிழக்கும், குமிழ் வெடிக்கவுங்கூடும்.

துப்புரவு செய்யுமுன் கருவியை முறைப்படி அணைத்து, விசிறி தானே நிற்கும்வரை காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பின்னரே மூடியைத் திறக்கலாம். வடிகட்டியைக் கழற்றி வெளியே கொண்டுசென்று மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தல் நலம். கழுவலாமென்று கையேடு கூறினால் மட்டுமே கழுவி, நிழலில் முற்றிலும் உலர்த்தி மாட்டுக. வடிகட்டியின்றிக் கருவியை ஒருபோதும் ஓட்டலாகாது. டப்பியில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றைப் பீய்ச்சுவது பலருக்கும் பழக்கம். அதிலுள்ள வாயு பெரும்பாலும் தீப்பற்றக் கூடியது. சூடான விளக்கருகே அபாயம்.

லென்சின் தூசியை ரப்பர் ஊதுகுமிழால் நீக்கிய பின், லென்சுக்குரிய துணியால் மெதுவாகத் துடைக்கலாம். வேட்டி நுனியோ, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அம்மோனியாக் கரைசலோ வேண்டா, பூச்சு போய்விடும்.

நம் ஊர்களில் மின்தடைதான் பெருந்தொல்லை. விளக்கு கொதிநிலையில் இருக்க விசிறி நின்றுவிடுகின்றது. மின்சாரம் மீண்டதும் உடனே ஏற்ற முயல்வதில் பயனில்லை. உள்ளழுத்தம் தணியாமல் அவ்விளக்கு எரியாது. காட்சி நேரத்துக்கு யு.பி.எஸ். ஒன்றை இணைத்துக்கொள்வது புது விளக்கினும் மலிவு.

புது விளக்கு மாட்டும்போது குமிழில் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் குவார்ட்சைக் கெடுக்கும். குமிழ் உடைந்தால் முதலில் மாணவரை வெளியேற்றிச் சன்னல்களைத் திறக்க வேண்டும். பாதரச ஆவி நச்சுத்தன்மையுடையது. துடைப்பமோ தூசியுறிஞ்சியோ கூடாது. பாதரசத்தை அவை மேலும் பரப்பும். நன்கு காற்றாடிய பின், கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துண்டுகளை வாரி மூடியுள்ள ஜாடியில் இட்டு, அபாயக் கழிவு ஏற்போரிடம் சேர்க்கலாம்.

லேசர் புரொஜெக்டரில் பாதரசமில்லை. ஆயினும் காற்றுத் துளைகளைத் துப்புரவாக வைத்தல் அதற்கும் வேண்டும். அது எரியும்போது எவரும் லென்சினுள் உற்று நோக்கலாகாது.