தோற்ற ஆட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள்!

பையனுக்கு செஸ் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்து, கடைசியில் தானே அதில் விழுந்துவிட்ட அப்பாக்கள் நிறைய பேர். அம்மாக்களும் உண்டு. வீட்டில் ஆடி, மொபைலில் ஆடி, 'நாமும் ஒரு போட்டிக்குப் போய்த்தான் பார்ப்போமே' என்று பெயர் கொடுத்து விடுகிறீர்கள். முதல் சுற்றில் எதிரே வந்து உட்காருவது யார்? ஒன்பது வயசு வாண்டு! நாற்காலியில் உட்கார்ந்தால் கால்கூட தரையில் படவில்லை. அது இருபதே நகர்த்தலில் உங்கள் ராணியைக் காலி பண்ணிவிட்டு, சமர்த்தாகக் கை கொடுத்துவிட்டுப் போகிறது.

'சே, இந்த வயசுல நமக்கு இதெல்லாம் தேவையா?' என்று வீட்டுக்கு வந்து செஸ் போர்டைப் பரணில் போடுகிறவர்கள்தான் அதிகம். அவசரப்படாதீர்கள். நீங்கள் கற்றுக்கொள்ளப் போவதே அந்தத் தோல்வியிலிருந்துதான்.

வீடு வேறு, போட்டி வேறு

வீட்டில், 'இரு இரு, தெரியாம வெச்சுட்டேன்' என்று காயைத் திருப்பி எடுக்கலாம். போட்டியில் நடக்காது. நகர்த்தும் எண்ணத்தோடு தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். பக்கத்தில் கடிகாரம் ஓடுகிறது. ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதவும் வேண்டும். ஆகவே, நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், எங்கே அவசரப்படுகிறீர்கள் என்பது அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும்.

'முதல் ஆட்டத்திலேயே தோத்துட்டா வெளியே அனுப்பிடுவாங்களே?' என்ற பயம் வேண்டாம். பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடப்பவை. தோற்றவரும் கடைசிச் சுற்றுவரை ஆடலாம். கூடியவரை உங்கள் அளவு புள்ளி எடுத்தவரோடுதான் அடுத்த ஜோடி. இரண்டு மூன்று சுற்று போனால், உங்களுக்குச் சரிசமமான ஆள் எதிரே வந்து உட்காருவார்.

ரேட்டிங் கணக்கும் பயப்படுகிற மாதிரி இல்லை. சர்வதேச ரேட்டிங்கில் 30 ஆட்டங்களை முடித்த, 2400-க்குக் கீழே உள்ள ஒரு பெரியவர், தன்னைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரிடம் தோற்றால் சுமார் 5 புள்ளிதான் குறையும். ஜெயித்துவிட்டால் சுமார் 15 புள்ளி கூடும். பலசாலியோடு மோதுவதில் நஷ்டம் கொஞ்சம், லாபம் அதிகம்!

இதுதான் உங்கள் கேஸ் ஷீட்

ஆஸ்பத்திரியில் நோயாளியின் கேஸ் ஷீட்டை யாராவது கிழித்துப் போடுவார்களா? நீங்கள் நகர்த்தலை எழுதிய ஸ்கோர் ஷீட்டும் அப்படித்தான். தோற்ற ஆட்டத்தின் தாளைக் கசக்கி எறியாமல் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம், 'கொஞ்சம் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். வாண்டாக இருந்தாலும் கேளுங்கள், கௌரவம் குறைந்துவிடாது. இப்படி உட்கார்ந்து அலசுவதற்கு செஸ் உலகில் 'போஸ்ட்மார்ட்டம்' என்றே பெயர். நீங்கள் கனவிலும் நினைக்காத ஒன்றை அவர் மனதில் போட்டு வைத்திருந்தது அப்போதுதான் தெரியும்.

பிறகு வீட்டில் அமைதியாக உட்கார்ந்து, தாளில் மூன்று இடங்களைக் குறியுங்கள். ரொம்ப நேரம் யோசித்த இடம். எதிராளி வைத்ததைப் பார்த்து 'ஐயோ' என்று திடுக்கிட்ட இடம். ஆட்டம் கைநழுவிய இடம். அந்த இடங்களில் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கம்ப்யூட்டரைக் கடைசியில் திறந்தால் போதும். அது சரியான நகர்த்தலைக் காட்டும். நீங்கள் ஏன் தப்பாக வைத்தீர்கள் என்று சொல்லாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

பத்து ஆட்டத்தை இப்படிப் பார்த்தால் உங்கள் 'வியாதி' பிடிபடும். அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும்:

எதிராளி கடைசியாக வைத்த காய் எதைக் குறிவைக்கிறது என்று பார்க்காமல், நம் திட்டத்திலேயே குறியாக இருப்பது. மருந்து: காயைத் தொடும் முன், 'அவர் இதை ஏன் வைத்தார்?' என்று ஒரு கேள்வி.

ஆரம்பத்தில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, முடிவில் பறப்பது. மருந்து: பத்து நகர்த்தலுக்கு ஒருமுறை, மீதி நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறிப்பது.

ஒரு குதிரை கூடுதலாகக் கிடைத்ததும், 'ஜெயிச்சாச்சு' என்று அசந்துவிடுவது.

ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம் தெரியாமல் திணறுவது. இரண்டு ராஜாக்களும் நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், நகர்த்த வேண்டியவர்தான் வழிவிட வேண்டியிருக்கும். இந்த ஒரு பாடமே பல அரைப் புள்ளிகளைக் காப்பாற்றும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்க்காதீர்கள். அடுத்த போட்டிக்கு ஒரே ஒரு குறை, அதற்கு ஒரே ஒரு மருந்து. அது போதும்.

உடம்பையும் கவனியுங்கள்

நீண்ட ஆட்டம் நாலு மணி நேரம்கூடப் போகும். எதிராளி யோசிக்கும்போது எழுந்து, ஆட்ட அரங்குக்குள்ளேயே நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள். முதுகும் பிழைக்கும், மனசும் தெளியும். தண்ணீர் பாட்டில் அவசியம். 'மூளைக்கு வேலை' என்று சாக்லேட்டாகத் தின்ன வேண்டியதில்லை. ஆழ்ந்து யோசிப்பதால் செலவாகும் கூடுதல் சக்தி கொஞ்சம்தான். இட்லியோ, அளவான தயிர் சாதமோ போதும். முந்தின ராத்திரி ஒரு மணி வரை மொபைலில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுவதைவிட, நன்றாகத் தூங்குவது மேல்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. ஆட்ட சுவாரஸ்யத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால், 'டென்ஷன்' என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான்! சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு, நடுவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

சாம்பியனும் தோற்றவர்தான்

2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய் வைத்து ஆடிய நம் சென்னைப் பையன் குகேஷ் சீனாவின் டிங் லிரனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார். பதினொன்றாவதில் ஜெயித்து முன்னேறியவர், அடுத்ததிலேயே மறுபடி தோற்றார். பதினான்காவது ஆட்டம் டிராவில் முடியும் என்று பலரும் நினைத்திருந்தபோது, 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பிடித்துக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை! பதினெட்டு வயதில் உலக சாம்பியன்!

தோல்விக்கு மறுநாளும் போர்டு முன்னால் உட்காரும் மனசுதான் அங்கே ஜெயித்தது. அதற்கு வயசு வரம்பு கிடையாது. பரணில் போட்ட போர்டை இறக்குங்கள். அந்தக் கடைசித் தாள் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், பார்ப்போம்!