நரிக்குடிப் பிள்ளைக்கு யார் வழி சொல்வது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, வீரசோழன், திருச்சுழி பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: “நமக்கு யாரு இருக்கா, வழி சொல்ல?” மழையை நம்பி மிளகாயும் குதிரைவாலியும் விதைத்து, மழை பொய்த்த வருஷம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இவை. முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறப்போகும் பிள்ளைக்காகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் வழிகாட்டி என்பவரைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றில் பல, பிள்ளையைத் தேடவே விடாமல் உட்கார வைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: பெரிய ஆளைத் தெரிந்திருந்தால்தான் முன்னேற முடியும்.

பெரியவர்களைப் பார்ப்பதில் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். விருதுநகர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜெயசீலன், அரசுப் பள்ளி மாணவர்களை அழைத்து ‘காபி வித் கலெக்டர்’ என்ற பெயரில் உட்கார வைத்துப் பேசினார். கலெக்டர் எதிரில் வாய் திறந்து பேசிய பிள்ளைக்குப் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்; அது பெரிய காரியம். ஆனால் டிப்ளமோவில் கணக்குப் பாடம் எப்படி இருக்கும், விடுதி கிடைக்காவிட்டால் எங்கே தங்குவது என்பதையெல்லாம் சொல்ல, அதே பள்ளியில் படித்து இரண்டு மூன்று வருஷம் முன்னால் அந்த வழியில் போனவர் வேண்டும்.

அவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் அடிக்கடி பார்த்துப் பழகும் ஆட்கள் இல்லை; எப்போதாவது சந்திப்பவர்கள். நமக்குத் தெரிந்ததுதான் நம் சித்தப்பாவுக்கும் தெரியும். ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்து, பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருகிற மூன்றாம் தெரு அண்ணனுக்குத் தெரிந்தது வேறு.

நம்பிக்கை: படிக்காதவர் படிப்புக்கு வழி சொல்ல முடியாது.

1985 வரை நரிக்குடியும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அந்த மண்ணில் பிறந்த அப்துல் கலாம், ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் விஞ்ஞானிகளுக்கு முன்னால் யாரைச் சொல்கிறார் பாருங்கள். அதிகம் படிக்க வசதியில்லாமல் போன, ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவந்த ஜலாலுதீன். தன்னைவிடச் சுமார் 15 வயது இளையவனான கலாமுடன் உலகத்தைப் பற்றிப் பேசியவர் அவர். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் கலாம் சேர உடன் சென்றவர்களிலும் ஒருவர். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பாடத்தைச் சொல்லித்தர இவர்களால் முடியாது. ‘நீ போ, நாங்க இருக்கோம்’ என்று நிற்பதும் வழிகாட்டுதலில் சரிபாதி. ஆடு மேய்க்கும் அப்பாவுக்கும் இந்த இடம் உண்டு. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

நம்பிக்கை: திறமை இருந்தால் சரியான குரு தானாகத் தேடி வருவார்.

இதற்குக் கணித மேதை ராமானுஜனை உதாரணம் காட்டுவார்கள். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி அவரைக் ‘கண்டுபிடித்தார்’ என்பார்கள். நடந்தது வேறு. கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன், 1910இல் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ஐயரோ அவரைத் தாலுகா ஆபீசில் அடைக்க மனமில்லாமல் சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியான நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவருடைய கணக்குகளைப் பார்த்த லண்டன் பேராசிரியர் ஹில், எங்கே தவறுகிறார் என்று சொல்லி, படிக்க வேண்டிய புத்தகத்தின் பெயரையும் எழுதினார். கேம்பிரிட்ஜின் இரண்டு கணிதவியலாளர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது.

எண்ணிப் பார்த்தால் ஹார்டியோடு சேர்த்து ஐந்து பேர். ஒருவர் வழி திருப்பினார், ஒருவர் சோறு போட்டார், ஒருவர் கூட உட்கார்ந்தார், ஒருவர் தப்பைச் சொன்னார். எல்லாமே ஒரே ஆளிடம் கிடைக்கும் என்று காத்திருந்தால் ராமானுஜனும் தான் வளர்ந்த கும்பகோணத்தில்தான் இருந்திருப்பார். ஹார்டிக்கு எழுதியபோதும் அவர் வெறுமனே உதவி கேட்கவில்லை. தன் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார்.

நம் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: கேட்கும்போது தன் விவரத்தையும் சேர்த்துச் சொல்வது. “அண்ணே, அடுத்து என்ன படிக்கலாம்?” என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டால், பதில் சொல்ல நினைப்பவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. “அண்ணே, நான் நரிக்குடி அரசுப் பள்ளியில பிளஸ் டூ, கணக்குல இவ்வளவு மார்க். டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரடியாச் சேரலாமா, இல்ல பி.இ. கலந்தாய்வுக்குப் போகலாமான்னு யோசிக்கிறேன். நீங்க டிப்ளமோ முடிச்சு பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், அது கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டால், அன்று ராத்திரியே அவர் கூப்பிடக்கூடும்.

நம்பிக்கை: அக்கறை உள்ளவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அக்கறை வேறு, தகவல் வேறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது 2020இல். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இல். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பத்து வருஷம் முன்பு கடன் வாங்கிப் படித்த மாமாவுக்கு இது தெரியாமலே இருக்கலாம். “இன்ஜினியரிங்கா, நமக்குக் கட்டுப்படியாகாது” என்று உண்மையான பாசத்தோடு தடுத்துவிடுவார்.

அதைவிட ஆபத்தானவர், மே மாதம் மட்டும் உறவு கொண்டாடி வருகிற கல்லூரி புரோக்கர். “சீட் நான் வாங்கித் தர்றேன், கலந்தாய்வெல்லாம் எதுக்கு?” என்பார். 7.5 சதவீதச் சலுகையும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு அவர் கமிஷனோடு போய்விடுவார், பிள்ளைக்கு உரிமையான பணம் போய்விடும். அசல் மதிப்பெண் பட்டியலைக் கையில் கேட்பவர் யாராயிருந்தாலும் கொடுக்காதீர்கள். யார் எது சொன்னாலும் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலோ ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கலாம். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே பாடத்தோடு, இரண்டு முறை எழுதித் தோற்று மூன்றாம் முறைக்குத் தயாராகிறவர்களின் பழக்கமும் கிடைக்கும். என் கணக்கில் அதுதான் பெரிய லாபம்.

நம்பிக்கை: பொம்பளப் பிள்ளைக்கு வெளியாள் வழிகாட்டுவது சரிப்படாது.

இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டில் ஒரே செல்போன், அதுவும் அண்ணன் கையில் இருக்கிற நிலையில் அவள் யாரிடம் கேட்பாள்? பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்: பள்ளி ஆசிரியை, கிராம சுகாதாரச் செவிலியர், வங்கியில் வேலை பார்க்கும் பெண். பகல் நேரத்தில், அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். தகுதியுள்ள பெண்ணுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவும் காது கொடுத்துக் கேட்பார். “வீட்டுல சொல்லாத, நான் பாத்துக்கிறேன்” என்கிற ஆள் ஆணோ பெண்ணோ, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். வந்ததை வீட்டில் சொன்னால், “இதுக்குத்தான் போக வேணாம்னேன்” என்று படிப்பை நிறுத்தாமல், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று பெற்றவர்கள் கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.