மாற்றிய மூட்டை மறுபடி மாற்றும்போது... முழங்காலுக்குக் ‘கீல்’!

“ஒருவாட்டி மாத்தின முழங்காலை மறுபடியும் மாத்தணுமா டாக்டர்?” ரிவிஷன் ஆபரேஷன் என்றதுமே வருகிற முதல் கேள்வி இதுதான். அதிலும் ஒடுகத்தூர் மாதிரி ஜவ்வாது மலையடிவாரத்தில் மேடு பள்ளத்தில் நடந்தே பழகியவர்களுக்குக் கால் ஆட்டம் கண்டால், கொல்லைக்குப் போவதுகூடப் பெரும்பாடு!

செயற்கை மூட்டு பெரும்பாலோருக்கு 15, 20 வருஷம் உழைக்கும். சிலருக்கு முன்னதாகவே கிருமி தாக்கலாம். மூட்டு கழன்று ஆடலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. முதல் ஆபரேஷனில் தொடை எலும்பு முனைக்கு ஓர் உலோக மூடி, கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவே பிளாஸ்டிக் வைக்கிறோம். மேலையும் கீழையும் பிணைக்க ஆணி கிடையாது! உங்கள் முட்டியின் இரு பக்கமும் உள்ள லிகமென்ட் என்ற நார்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. அவை அறுந்துபோய், எலும்பும் கரைந்திருந்தால்? அப்போதுதான் கதவுக் கீல் போல அச்சு வைத்த மூட்டு தேவைப்படுகிறது. அதன் நீண்ட தண்டுகள் இரு எலும்புக்குள்ளும் இறங்கும்.

ஸ்வீடன் டாக்டர் வால்டியஸ் 1950களிலேயே கீல் மூட்டைப் பொருத்தினார். அந்தக் காலத்துக் கீல் மடங்கும், நீளும், அவ்வளவுதான். நடக்கும்போது நம் முட்டி லேசாகத் திரும்பவும் செய்கிறதே! அந்த முறுக்கெல்லாம் தண்டின் மேல் இறங்க, மூட்டு எலும்பிலிருந்து கழன்றது. பிறகு வந்த ‘சுழலும் கீல்’ சற்றே இடம் வலம் திரும்ப இடம் கொடுக்கிறது.

“கெட்டியா இருக்குமே, எனக்கும் அதையே போடுங்க” என்று கேட்காதீர்கள். நார்கள் தாங்க வேண்டிய பாரத்தை இதில் எலும்பு தாங்குகிறது. தொற்றும் தளர்வும் வந்தால் அடுத்து செய்வதற்கு மிச்சம் அதிகமில்லை. அதனால் இது கடைசித் துருப்புச் சீட்டு. கிருமி இருந்தாலோ, பழைய மூட்டை எடுத்து, மருந்து கலந்த சிமென்டைச் சில வாரம் வைத்து, கிருமி அடங்கிய பிறகே புது மூட்டு.

செலவு? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு ரிவிஷன் மூட்டுக்கு ரூ. 1,13,950 என உச்சவரம்பு விதித்தது. ஜி.எஸ்.டி.யும் ஆபரேஷன் செலவும் தனி. இப்போதைய விலையைக் கேட்டு, பில்லையும் வாங்கிப் பாருங்கள்.

முட்டி சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காலை ஊன்றும்போது பக்கவாட்டில் சாய்ந்தாலோ எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் வேலூருக்குப் பஸ் ஏறுங்கள். முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும், மூட்டின் கம்பெனி ஸ்டிக்கரும் டிரங்குப் பெட்டியில் எங்காவது இருக்கும். தேடி எடுத்துப் போங்கள். உள்ளே இருப்பது எந்த மூட்டு என்று தெரிந்தால்தான் அதைக் கழற்றும் கருவியை டாக்டர் முன்கூட்டியே வரவழைக்க முடியும்.