மகனுக்கு முதல் கார்: விலையா, வருடமா?

கேள்வி: மகனுக்கு 18 வயது, லைசென்ஸ் வாங்கிவிட்டான். ஓட்டிப் பழக, கிடைக்கிற மலிவான பழைய கார் போதுமா?

பதில்: விலைக்கு முன் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ்.ஸும், ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சாரும் கட்டாயமாயின. பதறி பிரேக்கை மிதிக்கும் புதியவருக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, ஸ்டீயரிங்கைத் திருப்ப இடம் தருவது ஏ.பி.எஸ்.தான். ‘எப்படியும் கீறிவிடுவான், பழசே போதும்’ என்பார்கள். கீறலுக்கு அஞ்சிப் பழைய கார் வாங்குவது நியாயம்தான். ஆனால் பெயின்ட் கீறலைச் சரிசெய்துவிடலாம், தலைக்காயத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஆகவே 2019 ஜூலைக்குப் பின் தயாரான சிறிய ஹேட்ச்பேக்கைத் தேடுங்கள். நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டி, கடன் பாக்கி இல்லையென்று உறுதிசெய்தபின் வாங்குங்கள். பணம் போதாவிட்டால், சேரும்வரை பொறுத்திருங்கள்.