கார் சப்வூஃபருக்கு எத்தனை வாட் வேண்டும்?

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவில் நடக்கும் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குக் காரில் புறப்படும் ஒரு தமிழ்க் குடும்பம், ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தூரத்தைப் பாட்டின் துணையோடுதான் கடக்கிறது. ஆனால் காரோடு வரும் சிறிய ஒலிபெருக்கிகளில் பாடகரின் குரல் கேட்குமேயன்றி, தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கமும் இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் நடையும் நெடுஞ்சாலையின் டயர் இரைச்சலில் கரைந்துபோகின்றன. அந்தக் குறையைத் தீர்க்க வந்த சாதனம் சப்வூஃபர். அதை இயக்க எவ்வளவு சக்தியுள்ள ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வாங்குவது என்பதை, சப்வூஃபர் தாங்கும் சக்தி, அதன் ஓம் அளவு, கார் கொடுக்கக்கூடிய மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டுதான் நிர்ணயிக்க வேண்டும். குளிர் கடுமையான நமது மொன்றியலில் கடைசியாகச் சொன்னதுதான் மற்ற இரண்டுக்கும் எல்லை வகுக்கிறது.

எந்த எண்ணை நம்புவது?

அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 2000, 3000 போன்ற எண்கள் ஒரு கணப்பொழுதுக்கு எட்டக்கூடிய உச்ச சக்தியைச் சொல்பவை; பல சமயங்களில் அதற்குக்கூட ஆதாரம் இருப்பதில்லை. வாங்குபவர் தேட வேண்டியது, இடைவிடாமல் தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய சக்தியைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணையே. ஆம்ப்பின் பெட்டியில் சி.இ.ஏ. 2006, அல்லது அதன் இப்போதைய பெயரான சி.டி.ஏ. 2006 என்ற குறிப்பு இருக்குமானால், 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில், திரிபு 1 சதவீதத்தைத் தாண்டாத நிலையில் அளந்த எண் அது என்று நம்பலாம்.

சப்வூஃபரின் ஆர்.எம்.எஸ். 500 வாட் என்றால், ஆம்ப்பும் 500 முதல் 600 வாட் வரை தருவதாக இருப்பது உசிதம். சிறிய ஆம்ப் போட்டால் சப் எரிந்துவிடும் என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். 250 வாட் ஆம்ப்பை அதன் சக்திக்கு மேல் முடுக்கும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகி, வெளிவரும் சக்தி ஏறத்தாழ இருமடங்குவரை போகக்கூடும்; 500 வாட் தாங்கும் சப்பின் சுருள் அதைப் பொறுத்துக்கொள்ளும், 250 வாட் சுருளோ பொறுக்காது. எரிப்பது சூடு. சுருளின் வார்னிஷ் கருகும் நெடி காருக்குள் வீசத் தொடங்கினால், உடனே ஒலியைக் குறைத்துவிட வேண்டும்.

இங்கே இன்னொரு பிரமையும் கலைய வேண்டும். 500 வாட்டை 1000 ஆக்கினால் ஒலி இருமடங்காகிவிடாது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும்.

ஓம் கணக்கு

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு 12 அங்குல சப்வூஃபர்கள் கடையில் இருக்கின்றன. இரண்டும் 500 வாட், ஆனால் ஒன்றில் 4 ஓம் சுருள்கள் இரண்டு, மற்றதில் 2 ஓம் சுருள்கள் இரண்டு. உங்களிடமுள்ள மோனோ ஆம்ப் 4 ஓமில் 300 வாட்டும் 2 ஓமில் 500 வாட்டும் தருவது, 2 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாதது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதின் சுருள்களைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம் ஆகி, முழு 500 வாட்டும் கிடைக்கும். இரண்டாவதைச் சமாந்தரமாக இணைத்தால் 1 ஓம் ஆகிவிடும். ஆம்ப் சூடேறி, பாதுகாப்பு விளக்கை எரியவிட்டு நின்றுபோகும். அதையே தொடராக இணைத்தால் 4 ஓம். அபாயமில்லை, ஆனால் கிடைப்பது 300 வாட்தான். ஆகவே ஆம்ப்பும் சப்பும் ஒரே நாளில், ஒரே கணக்கில் வாங்க வேண்டியவை. நான்கு சேனல் ஆம்ப் ஒன்றின் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து ஓட்ட நினைப்பவர்கள், பெரும்பாலான அத்தகைய ஆம்ப்கள் அந்நிலையில் 4 ஓமுக்குக் கீழே தாங்கமாட்டா என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஆசனத்தின் கீழ் பொருத்தும் தட்டையான சப். ஆம்ப் அதற்குள்ளேயே இருப்பதால் பொருத்தம் பார்க்கும் வேலை தயாரிப்பாளருடையது. பொதுவாக 8 அங்குலமும், 100 முதல் 150 வாட்டும் இருக்கும். குழந்தையின் தள்ளுவண்டியும் வாராந்தச் சாமானும் டிக்கியை நிறைத்துவிடும் வீட்டுக்கு இது சௌகரியம். ஆனால் சப்பாத்தோடு உள்ளே வரும் பனி உருகி, உப்புத் தண்ணீராக ஆசனத்தின் அடியில் தேங்குவது நமது ஊர் வழக்கமாதலால், ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு இல்லாமல் இதை வைக்கக் கூடாது.

இரண்டாவது வழி, மூடிய பெட்டியில் 10 அல்லது 12 அங்குல சப் ஒன்றும், 300 முதல் 500 வாட் தரும் கிளாஸ் டி மோனோ ஆம்ப் ஒன்றும். காரின் சிறிய உள்வெளி தாழ்ந்த அதிர்வெண்களைத் தானே உயர்த்திக் கொடுப்பதால், மூடிய பெட்டியின் ஒலி கீழே போகப் போகக் குறையும் குறை பெருமளவு சமனாகிவிடுகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதை ஸ்பஷ்டமாகவும் தாளம் வழுவாமலும் தருவதற்கு இந்த அமைப்பே போதும்.

மூன்றாவது வழி, துளையுள்ள பெட்டியில் இரண்டு 12 அங்குல சப்களும் 1000 வாட்டுக்கு மேற்பட்ட ஆம்ப்பும். துளைக்குரிய அதிர்வெண்ணை ஒட்டி ஒலி பலமாக எழும். 30 ஹெர்ட்ஸ்வரை இறங்கும் இன்றைய குத்துப் பாட்டுகளுக்கு இதன் கம்பீரம் வேறு எதற்கும் வராது. ஆனால் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைக் கட்டுப்படுத்தும் காற்று இல்லாமற்போவதால், ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் இருப்பது அவசியம். டிக்கி முழுவதும் போய்விடும். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் வீட்டு ஜன்னல்கள் நடைபாதையை ஒட்டியே இருப்பதால், தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து பிறர் தூக்கத்தைக் கெடுக்கும். இரைச்சலுக்கான நகர விதிகளும் சும்மா இரா.

பற்றரியின் எல்லை

500 வாட் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனோடு உழைப்பதாகக் கொண்டால், முழு வேகத்தில் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியரை இழுக்கும். 1000 வாட்டுக்கு 90 ஆம்பியர். பாட்டு எப்பொழுதும் முழு வேகத்தில் ஓடுவதில்லையாதலால் சராசரி இதைவிடக் குறைவே. ஆயினும் ஜனவரி இரவில் ஹீட்டர் விசிறியும், பின்கண்ணாடிச் சூடேற்றியும், ஆசனச் சூடேற்றியும், முன் விளக்குகளும் ஏககாலத்தில் எரிந்துகொண்டிருக்க, சிவப்பு விளக்கில் நிற்கும் காரின் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் தருவதில்லை. ஈயப் பற்றரியோ மைனஸ் 18 பாகையில் ஏறத்தாழப் பாதிக் கொள்ளளவை இழந்து நிற்கிறது. அந்நிலையில் வோல்ட் சரிந்து, 1000 வாட் ஆம்ப் தன் பெயருக்கேற்ற சக்தியைத் தர இயலாமல் திணறும். இதற்குப் பரிகாரமாகச் சிலர் பொருத்தும் கபாசிட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தை நல்ல ஏ.ஜி.எம். பற்றரிக்கும், முழுச் செம்பினாலான 4 கேஜ் கம்பிக்கும் செலவிடுவது மேல். பற்றரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் பூசி, வீதி உப்பு அதை அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் பார்த்துவிட வேண்டும். உறைகுளிர் காலையில் சப்பின் ரப்பர் விளிம்பு விறைத்திருக்குமாகையால், காரின் உள்ளே வெப்பம் பரவும்வரை மெல்லிய ஒலியே உகந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்கு முன் ஒரு வார்த்தை: ஆம்ப்பிலுள்ள கெயின் திருகி, ஒலியைக் கூட்டும் பொத்தான் அன்று. சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, 2 ஓமில் 500 வாட் வேண்டுவோர் ஆம்ப்பின் வெளியீட்டில் மல்டிமீட்டர் ஏறத்தாழ 31.6 வோல்ட் காட்டும்வரை மட்டும் திருப்ப வேண்டும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் எந்த அமைப்புக்கும் இந்த எண் கிடைத்துவிடும். இதைச் செய்யாதவருக்கு மேலே சொன்ன பொருத்தங்கள் எதுவும் பயன்படாது.

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும் டிக்கியை விட மனமில்லாதவருக்கும் முதல் வழி. ஆல்டர்னேட்டரை மாற்றவும் இரட்டிப்புச் செலவுக்கும் தயாராயுள்ள இளைஞருக்கு மூன்றாவது வழி. மற்ற எல்லோருக்கும் இரண்டாவது வழியே போதும். அதிலும் ஒலி போதவில்லை என்று பிற்பாடு தோன்றினால், பெரிய ஆம்ப்பைத் தேடிப் போவதற்கு முன், அதே மொத்த வாட்டில் இன்னொரு சப்பைச் சேர்த்துப் பாருங்கள்; கூம்பின் பரப்பு இருமடங்காவதால் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும், பற்றரியின் பாரமோ அப்படியே இருக்கும். சேர்க்கும் முன் புதிய இணைப்பின் ஓம் அளவை ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ள மட்டும் மறவாதீர்கள்.