ராப் பாட்டும் நம்ம கட்டுரை நோட்டும்

ராப் என்றாலே வேகமாகக் கத்துவது என்று எங்கள் வகுப்பில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1973 ஆகஸ்ட் 11-ல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற பகுதியில் சின்டி என்ற பெண், பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி எடுக்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு விழா நடத்தினாராம். இசைத்தட்டு போட்டது அவர் அண்ணன். ஹிப் ஹாப் அங்கேதான் பிறந்தது என்கிறார்கள். இப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் சில ஆசிரியர்கள் ராப் வரிகளை வைத்தே கட்டுரை எழுதவும் வாதாடவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழில் மலேசியாவின் யோகி பி குழுவினரது 'வல்லவன்' 2006-ல் வந்தது. 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' எல்லாருக்கும் தெரியும். அதில் அறிவு, தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டியின் கதையைச் சொல்கிறார். ஒப்பாரியும் வருகிறது.

எங்க தமிழ் டீச்சர் ராப் மாதிரி ஒரு வரி எழுதச் சொன்னாங்க. நான் எழுதியது:

கண்மாய் காஞ்சது, மண்ணும் வெடிச்சது.

க, கா மோனை. கண், மண் இரண்டாம் எழுத்து ஒன்று, அது எதுகை. கடைசியில் 'சது' இயைபு. மூன்றும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நோட்ஸை மனப்பாடம் பண்ணி ஏறாதது ஒரே பீரியடில் ஏறிவிட்டது.

ஆனால் எதுகை மோனை மட்டும் போதாது. எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா இறந்தபோது ஒப்பாரி பாடியது. "துக்கமா இருக்கு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தாத்தாவோட துண்டு, செம்பு, மண்வெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் யாருக்கிட்ட குடுக்க என்று அவரையே பார்த்துக் கேட்டது. வீடே அழுதது.

எங்க ஊருக்குச் சாயங்கால பஸ் கேட்டு நான் எழுதிய மனுவில் முதலில் "பேருந்து வசதி மிகவும் குறைவாக உள்ளது" என்றுதான் இருந்தது. அப்பத்தா மாதிரி மாற்றினேன். இருட்டில் கருவேலங்காட்டு வழியே மூன்று கிலோமீட்டர் நடப்பது, டார்ச் இல்லாத நாள், பயந்துபோய் பத்தாவதோடு நின்றுவிட்ட பக்கத்து வீட்டு அக்கா, எல்லாம் எழுதினேன். கடைசியில் அய்யா, உங்கள் மகளை இந்த வழியில் அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறேன். அது மரியாதைக் குறைவு என்கிறார் அப்பா. டீச்சர் இருக்கட்டும் என்கிறார்.

மனுவை இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். பிழை இருந்தால் பென்சிலால் திருத்துங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுக்கணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி