ஐ.சி.டி. ஷாக் அடித்தது, பதிவு என்ன சொல்கிறது?

ஆபத்தான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை மார்பில் பொருத்தியிருப்பவருக்கு ஷாக் அடித்துவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. கலக்கம் நியாயமானது. ஆனால் அந்த நேரத்தில் கருவி தனக்குள் சேமித்த இதயத் துடிப்பின் பதிவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மருந்தைக் கூட்டுவதா, கருவியின் அமைப்பை மாற்றுவதா, கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பியான லீடையே மாற்றுவதா என்பதெல்லாம் அந்தப் பதிவைப் படித்த பிறகே முடிவாகும். ஆகவே அதைச் சுற்றியுள்ள நம்பிக்கைகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஷாக் அடித்தது என்றால் உயிருக்கு ஆபத்தான துடிப்பு வந்திருக்கிறது.

பல முறை உண்மை, எல்லா முறையும் அல்ல. கருவி முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். கீழறையில் பதிந்திருக்கும் லீட் வழியாக ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரத்தை மில்லி விநாடியில் அளக்கிறது. டாக்டர் குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டிய துடிப்புகள் போதிய அளவு சேர்ந்ததும், உதாரணமாக 40 துடிப்புகளில் 30 என்று வந்ததும், சிகிச்சைக்குத் தயாராகிறது. அந்த வேகம் எந்த அறையிலிருந்து கிளம்பியது என்று பிரித்தறியவும் அதற்குள் வழிமுறைகள் உண்டு. அவை தவறுவதும் உண்டு.

தவறான ஷாக்குகளுக்கு மிகப் பெரிய காரணம் மேலறை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவரின் மேலறைகள் தாறுமாறாக அதிர்கின்றன. அந்த வேகம் கீழறைக்கும் இறங்கினால் கருவி ஏமாந்துபோகிறது. பதிவை விரித்துப் பார்க்கும் டாக்டருக்கு வித்தியாசம் தெரியும். இடைவெளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஆனால் அலையின் வடிவம் அவருடைய வழக்கமான துடிப்பின் வடிவமாகவே இருக்கும்.

இன்னொரு காரணம், துடிப்புக்குப் பின் இதயத்தசை மீள்கையில் எழும் ‘டி’ அலை. அதையும் ஒரு துடிப்பாக எண்ணிவிட்டால் நிமிடத்துக்கு 100 என்பது 200 ஆகிவிடும். பதிவில் பெரிய அலை, சிறிய அலை, மறுபடி பெரிய அலை என்று மாறி மாறி வரும்.

லீடில் விரிசல் விழுந்திருந்தால் அந்த இரைச்சலையும் கருவி துடிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். 140 மில்லி விநாடிக்கும் குறைவான இடைவெளிகள் வரிசையாக வந்தால் சந்தேகம் எழ வேண்டும். நிமிடத்துக்கு 400-க்கும் மேல் என்று பொருள். அந்த வேகம் இதயத்திலிருந்து வருவது மிக அரிது. அதே நொடிகளில், லீடின் ஷாக் கம்பிக்கும் கருவிக்கும் இடையே எடுத்த இன்னொரு பதிவில் துடிப்பு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். 2007 அக்டோபரில் மெட்ரானிக் நிறுவனம் ‘ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ்’ என்ற லீடின் விநியோகத்தை நிறுத்தியது இத்தகைய முறிவுகளால்தான். அதற்குப் பிறகு, இரைச்சலை முன்கூட்டியே மோப்பம் பிடித்து எச்சரிக்கும் மென்பொருள்கள் கருவிகளுக்குள் வந்தன.

நம்பிக்கை: அறிக்கையில் ‘வி.எஃப்.’ என்று இருந்தால் அது வி.எஃப்.தான்.

வி.எஃப். என்பது கீழறை தாறுமாறாக அதிரும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். ஆனால் அறிக்கையில் உள்ள அந்தப் பெயர், துடிப்பு எந்த வேக எல்லைக்குள் விழுந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. வி.எஃப். என்று அச்சான பல பதிவுகளில் இருப்பது ஒரே சீராக ஓடும் வேகமான வி.டி. (வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா). இரண்டுக்கும் அடுத்த கட்ட சிகிச்சை வேறாகலாம். மேலறையிலும் லீட் இருந்தால் டாக்டர் இரண்டு அறைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவார். கீழறை மேலறையைவிட அதிகமாக அடிக்கிறதென்றால், கோளாறு கீழறையில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சமமாக இருந்தால்தான் சிக்கல். எந்த அறை முதலில் வேகமெடுத்தது, எப்படி நின்றது என்று துவக்கத்தையும் முடிவையும் துருவ வேண்டும். கருவி அச்சிட்ட பெயரை மட்டும் வைத்து ஒருவரின் சிகிச்சையை மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

நம்பிக்கை: ஷாக் அடிக்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

வலியில்லாமலே ஆபத்து வந்து போயிருக்கலாம். வி.டி. வந்தால் கருவி அதைவிடச் சற்று வேகமாகச் சில மின்துடிப்புகளைக் கொடுத்து அதை முறிக்கப் பார்க்கும். 2004-இல் வெளிவந்த ‘பெயின்ஃப்ரீ’ இரண்டாம் ஆய்வில், வேகமான வி.டி.க்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை இப்படி ஷாக் இல்லாமலே அடங்கின. நோயாளிக்குத் தெரியவே தெரியாது, பதிவுக்குத் தெரியும்.

நம்பிக்கை: எவ்வளவு சீக்கிரம் ஷாக் கொடுக்கிறதோ அவ்வளவு நல்லது.

டாக்டர்களே நெடுநாள் இப்படித்தான் நினைத்தார்கள். 2012-இல் வெளியான ‘மேடிட்-ரிட்’ ஆய்வு 1,500 பேரிடம் இதைச் சோதித்தது. துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐத் தொட்ட பிறகே ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை தொடங்கியது. இன்னொரு பிரிவினருக்கு 170 முதல் 199 வரையான வேகத்தில் கருவி 60 விநாடி காத்திருந்தது. இரண்டிலும் தேவையற்ற சிகிச்சை பெருமளவு குறைந்தது. முதல் பிரிவில், பழைய அமைப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இறப்பும் ஏறக்குறையப் பாதியானது. பல வேகத் துடிப்புகள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. பொறுக்கத் தெரிந்த கருவி நல்ல கருவி. உங்கள் கருவியின் எல்லை எந்த வேகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நம்பிக்கை: கருவி இரவு பகலாக எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது.

கவனிப்பது எல்லாவற்றையும், சேமிப்பது குறித்த வேகத்தைத் தாண்டிய நிகழ்வுகளையும் அவை தொடங்குவதற்குச் சற்று முந்தைய நொடிகளையும் மட்டுமே. நினைவகம் நிரம்பினால் பழைய பதிவுகள் அழிந்து புதியவை ஏறும். இந்தச் சேமிப்பும் தொடக்கத்தில் இருந்ததல்ல. 1980 பிப்ரவரி 4 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மைக்கேல் மிரோவ்ஸ்கி குழுவினர் உருவாக்கிய முதல் கருவி ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அந்தக் காலத்துக் கருவிகள் துடிப்பின் வரைபடத்தைச் சேமிக்கவில்லை. ஷாக் சரியா தவறா என்பதை, நோயாளி மயங்கினாரா இல்லையா என்று கேட்டு ஊகித்தார்கள். இன்று பதிவு இருக்கிறது. தாமதித்து அதை இழக்காதீர்கள்.

நம்பிக்கை: வீட்டில் வைத்த ரிமோட் மானிட்டர் ஆபத்தில் ஆம்புலன்ஸை வரவழைக்கும்.

வரவழைக்காது. அது பதிவைக் கிளினிக்குக்கு அனுப்பும்; ஊழியர்கள் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஷாக் அடித்து, உடனே தெம்பாகிவிட்டால் அன்றே கிளினிக்குக்குத் தகவல் சொல்லி, பதிவை எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதி வையுங்கள். டி அலைக் குழப்பம் போன்றவற்றைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு உதவும். அடுத்தடுத்து இரண்டு ஷாக் அடித்தாலோ, ஒன்று அடித்தும் மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ, 108-ஐ அழைத்துவிடுங்கள். பதிவைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.